ஹெச்எம்-2: நாலு நாபும் பத்துல வெச்சா மட்டும் போதுமா? ஸ்வீடிஷ் டெத் மெட்டல் டோனை திரும்பப் பிடிச்ச கதை

டார்கெட் இதுதான். 1990ல என்டூம்ட்னு ஒரு ஸ்வீடிஷ் டெத் மெட்டல் பேண்ட் விட்ட ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ ஆல்பத்தோட ரிதம் கிட்டார். அதுக்கு பேரே செயின்சா டோன், ஒரு தடவை கேட்டா போதும், ஏன் அந்த பேருன்னு யாரும் விளக்க வேண்டியதில்ல. இதைக் கொண்டுவர எல்லாரும் சொல்ற வழி ஒரே வரிதான்: பாஸ் (Boss) கம்பெனியோட ஹெச்எம்-2 டிஸ்டார்ஷன் பெடல் வாங்கு, நாலு நாபையும் முழுசா திருப்பு, முடிஞ்சுது. பொய் இல்ல, ஆனா அதை மட்டும் பண்ணிட்டு “என்னய்யா இது கொசுக்கூட்டம் மாதிரி கத்துது”ன்னு பெடலை வித்துட்டுப் போனவங்க நிறைய.

நான் போட்டுப் பாத்து முடிச்சதுல என் முடிவு என்னன்னா, இது ஹை கெயின் டோன்னு பேருதான், உண்மையில இதை உருவாக்கறது ஈக்யூ (எந்த ஃப்ரீக்வென்சி ஏறி, எது இறங்கி இருக்குங்கறது), கெயின் (சத்தம் எவ்வளவு உடையுதுங்கறது) அப்புறம்தான். அதனால ஆம்ப் செட்டிங் நம்ம மெட்டல் ஆளுங்க வழக்கமா வெக்கறதுக்கு கிட்டத்தட்ட தலைகீழா இருக்கணும். எப்படின்னு விரிவா சொல்றேன், பொறுமையா படிங்க.

ஒரிஜினல் ரிக் என்ன

1980களோட கடைசி, ஸ்டாக்ஹோம். நிஹிலிஸ்ட்னு ஒரு பேண்ட், எல்லாரும் டீனேஜ் பசங்க, டிரம்மர் நிக்கே ஆண்டர்சன் பொறந்ததே 1972லதான்னா பாத்துக்கோங்க. அந்த பேண்ட்ல இருந்த லேய்ஃப் குஸ்னர்தான் ஹெச்எம்-2வை முழுசா திருப்பி வெச்சு இந்த சத்தத்தை கண்டுபிடிச்சவர்னு அந்த வட்டாரத்துல பொதுவா ஒத்துக்கறாங்க. 1989ல நிஹிலிஸ்ட் உடைஞ்சு, மிச்சம் இருந்தவங்க என்டூம்ட் ஆனாங்க, அதே வருஷம் டிசம்பர்ல சன்லைட் ஸ்டுடியோல ப்ரொட்யூசர் தோமஸ் ஸ்கோக்ஸ்பெர்க் கையில முதல் ஆல்பம் பதிவாச்சு. பெரிய மார்ஷல் ஸ்டேக் எதுவும் இதுக்கு காரணம் இல்ல, பீவி கம்பெனியோட சின்ன டிரான்சிஸ்டர் காம்போதான் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில) இந்த டோன் பேச்சு வந்தா எல்லாரும் சொல்ற ஆம்ப். இது முக்கியமான தகவல், மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

அந்த ஆல்பம் வெளிய வந்த அடுத்த வருஷமே, 1991ல, டிஸ்மெம்பர் பேண்ட் அதே ஸ்டுடியோல முதல் ஆல்பம் பண்ணாங்க, அதுல பெரும்பாலான லீட் வாசிச்சதும் இதே நிக்கே ஆண்டர்சன்தான். டோன் இன்னும் ஒரு படி காட்டமா இருக்கும். எனக்கு தனிப்பட்ட முறையில அதுதான் இந்த சத்தத்தோட உச்சம், ஆனா ரிதம் கிட்டார் நோட்டு நோட்டா தெளிவா கேக்கறது என்டூம்ட்லதான், அதனால ரெஃபரன்ஸா அதை எடுத்துக்கிட்டேன்.

பெடல் கதையும் கொஞ்சம் சொல்லணும். ஹெச்எம்-2 வந்தது 1983ல, கறுப்பு டப்பா, ஆரஞ்சு எழுத்து. டெத் மெட்டலுக்காக யாரும் இதை டிசைன் பண்ணல, அப்ப அப்படி ஒண்ணு பேருக்குக்கூட இருந்துச்சான்னே சந்தேகம். ஹெவி மெட்டல்னா அன்னைக்கு பெரிய ஸ்டேக் ஆம்ப், பெரிய முடி, அந்த சத்தத்தை சின்ன ஆம்ப்ல தரணும்னுதான் கணக்கு. பிங்க் ஃபிளாய்ட் டேவிட் கில்மோர்கூட 80கள்ல இதை வெச்சிருந்தாரு, நம்ப முடியுதா, ஆனா அவரு நாபை நிதானமா வெச்சாரு. 1991ல இதோட தயாரிப்பு நின்னு போச்சு, அதே வருஷம் அவங்களோட மெட்டல் ஸோன் பெடல் வந்துச்சு. அப்புறம் செகண்ட் ஹேண்ட்ல சீந்துவார் இல்லாம கிடந்தது, ஸ்வீடன் சத்தத்தை தேடி ஆளுங்க வர வர விலை எகிறிடுச்சு, கடைசியில கம்பெனியே 2020ல வாசா கிராஃப்ட்ங்கற அவங்க உயர்தர வரிசையில திரும்ப கொண்டுவந்தாங்க. நான் யூஸ் பண்ணது அதுதான், ஸ்டாண்டர்ட் மோட்ல. ஒப்பிட்டுப் பாக்க ஒரு நண்பரோட பழைய ஒரிஜினலும் கொஞ்ச நாள் கையில இருந்துச்சு. காசு கம்மியா இருந்தா பெரிங்கர் ஹெச்எம்300 இருக்கு, பிளாஸ்டிக் டப்பா, ஆனா சர்க்யூட் இதோட காப்பிதான், டெஸ்ட் பண்ண தாராளமா போதும்.

பெடலுக்குள்ள என்ன நடக்குது

நாப் நாலு: லெவல், லோ, ஹை, டிஸ்ட். லோவையும் ஹையையும் சேத்து கலர் மிக்ஸ்னு எழுதியிருக்கும். ஹைன்னு போட்டதும் ட்ரெபிள்னு நினைச்சுக்கறோம், அங்கதான் விஷயமே. அந்த ஒரே நாப் ரெண்டு இடத்தை ஒண்ணா தூக்குது, ஒண்ணு 1 கிலோஹெர்ட்ஸுக்கு கொஞ்சம் கீழ, இன்னொண்ணு 1.3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல. அதாவது அது ட்ரெபிளே இல்ல, நடு மிட்ஸ். கிட்டார் மனுஷன் காதுல கீச்சுன்னு அறுக்கற இடம். லோ நாப் தூக்கறது 90 ஹெர்ட்ஸுக்கு சத்தே கீழ. ரெண்டையும் பத்துல வெச்சா அடியில ஒரு மேடு, நடுவுல ஒரு பெரிய மேடு, இதுக்கு இடையில இருக்கற 200, 300, 400 ஹெர்ட்ஸ் எல்லாம் பள்ளத்துல போயிடும். செயின்சா சத்தம்னா இந்த ரெண்டு மேடுதான், வேற ஒண்ணும் இல்ல.

இன்னொரு விசித்திரம், சிக்னல் போற வழியிலேயே எதிரும் புதிருமா ரெண்டு ஜெர்மானியம் டயோடு சீரீஸ்ல இருக்கு. வழக்கமான டிஸ்டார்ஷன் பெடல்ல டயோடு சிக்னலோட உச்சியை வெட்டும், இது சிக்னல் பூஜ்யத்துக்கு கிட்ட வர்ற சின்ன பகுதியை முழுங்குது. அதனால நோட்டு தேய்ஞ்சு முடியறப்ப வழவழன்னு போகாம கரகரன்னு உடைஞ்சு சாகும். டிஜிட்டல் மாடலிங்ல நிறைய இடத்துல மத்ததெல்லாம் சரியா வந்தும் இந்த ஒண்ணு கோட்டை விட்டுடறாங்க, ஈக்யூ கர்வை அப்படியே ஈயடிச்சான் காப்பி அடிச்சாலும் ஏதோ குறையுதேன்னு தோணும், காரணம் இதுதான்.

முதல் செட்டப், வேணும்னே

ஒப்பிட ஒண்ணு வேணும்கறதால முதல்ல வழக்கமான மெட்டல் செட்டிங்லயே ஆரம்பிச்சேன். கிட்டார் 25.5 இன்ச் ஸ்கேல், பிரிட்ஜ்ல சாதாரண பேசிவ் ஹம்பக்கர், 12-60 ஸ்ட்ரிங், பி ஸ்டாண்டர்ட் ட்யூனிங். ஆம்ப் 20 வாட் டியூப் ஹெட், விண்டேஜ் 30 ஸ்பீக்கர் போட்ட ஒத்த 12 இன்ச் கேப். டிஸ்டார்ஷன் சேனல்ல கெயின் 7, பேஸ் 7, மிட் 3, ட்ரெபிள் 7, முன்னாடி ஹெச்எம்-2 எல்லாம் பத்து.

என்ன வரும்னு சொல்லணுமா? ஒரே இரைச்சல். கார்ட் மாத்தறது காதுக்கே தெரியல, பி கார்டா சி கார்டான்னு பேஸ் கிட்டாரை வெச்சுதான் கண்டுபிடிக்கணும். காரணத்தைப் பாத்தா ரெண்டு. பெடல் கஷ்டப்பட்டு நடு மிட்ஸை தூக்கி அனுப்புது, ஆம்ப்ல மிட் 3ல வெச்சு நாம அதையே வெட்டி குப்பைல போடறோம். ரெண்டாவது, ஏற்கனவே நசுங்கி வர்ற சிக்னலை ஆம்ப் இன்னொரு தடவை நசுக்கறப்ப அந்த மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகி, மேல மேல ஹார்மானிக்ஸ் ஏறி வெறும் ஃபிஸ்ஸா (உஸ்ஸுங்கற இரைச்சலா) மாறிடும். பெடல் சரியில்லன்னு திட்டறவங்க பெரும்பாலும் நிக்கறது இந்த இடத்துலதான்.

திருப்பம்

இப்ப அந்த சின்ன பீவி காம்போவை நினைச்சுக்கோங்க. ஆம்ப்ல கெயினை கொட்டி வாசிச்ச சத்தம் இல்ல அது, பெடல் தர்றதை பெருசா மாத்தாம வெளிய தள்ற ஒரு பெட்டி. சரின்னு டிஸ்டார்ஷன் சேனலை விட்டு க்ளீன் சேனலுக்கு வந்து, அதுவும் பளிச்சுன்னு க்ளீனா இல்லாம, ஓங்கி அடிச்சா லேசா உடையற அளவுக்கு கெயின் 4, பேஸ் 4, மிட் 7, ட்ரெபிள் 4, பிரசென்ஸ் 3. பெடல்ல லோ 10, ஹை 10, டிஸ்ட் 10, லெவல் மட்டும் பாதி.

முதல் கார்ட்லயே வந்துடுச்சு. நூறு சதவீதம்னு சொல்ல மாட்டேன், ஆனா அது எந்த ஊரு சத்தம்னு யாருக்கும் சந்தேகம் வராது.

அதுக்கு அப்புறம் ஒவ்வொரு நாபா இறக்கிப் பாத்தேன், ஒவ்வொரு தடவையும் சத்த அளவை சமம் பண்ணிட்டுதான் கேட்டேன், இல்லன்னா சத்தமா இருக்கறதுதான் நல்லா இருக்கற மாதிரி காது ஏமாத்தும். டிஸ்ட்டை 10ல இருந்து 5க்கு கொண்டுவந்தா வித்தியாசம் ரொம்ப கம்மி, இரைச்சல் குறையுது, பிக் அட்டாக் கொஞ்சம் தெளிவாகுது, கேரக்டர் அப்படியே இருக்கு. 2க்கு போனாகூட அடையாளம் தெரியுது. ஆனா ஹை நாபை 10ல இருந்து 7க்கு இறக்கிப் பாருங்க, சாதாரண எண்பதுகள் டிஸ்டார்ஷன் பெடல் ஒண்ணு கேக்கும், ஸ்வீடன் காணாம போயிடும். லோ நாப் இதுக்கு நடுவுல, 8 வரைக்கும் தாங்குது. எல்லாம் பத்துலன்னு சொல்ற பழமொழில உண்மையிலேயே பத்துல இருந்தே ஆகணும்னா அது ஹை ஒண்ணுதான். டிஸ்ட்டை நான் 6ல நிறுத்திட்டேன், பத்துலதான் வெப்பேன்னு அடம் பிடிக்கறவங்களோட சண்டை போடவும் தயார்.

லெவல் நாப் ஆம்பைப் பொறுத்தது. டியூப் ஆம்ப்ல கெயினை 2க்கு இறக்கிட்டு லெவலை மேல ஏத்தினா பிரீஆம்போட முதல் டியூப் லேசா அழுந்தி சத்தத்துக்கு ஒரு கனம் வருது, நல்லாவே இருக்கு. சின்ன டிரான்சிஸ்டர் காம்போல அதையே பண்ணா இன்புட் கொடூரமா கிளிப் ஆகும், அங்க 4, 5 தாண்ட வேண்டாம். அந்த காம்போவையும் சும்மா விடல, க்ளீன் சேனல், பேஸ் 3, மிட் 8, ட்ரெபிள் 4னு வெச்சுப் பாத்தேன், உண்மையைச் சொன்னா ரெஃபரன்ஸுக்கு டியூப் ஹெட்டை விட அதுதான் கிட்ட இருந்துச்சு. விலையில பல மடங்கு கம்மி. டியூப் ஆம்ப்காரங்க மன்னிக்கணும்.

முன்னாடி பூஸ்ட் வெக்கலாமா

ட்யூப் ஸ்க்ரீமர் ஓவர்டிரைவ் பெடலை முன்னாடி வெச்சு டிரைவ் 0, லெவல் 10 பண்றது எல்லா மெட்டல்காரங்களும் செய்யறது. அது 720 ஹெர்ட்ஸுக்கு கீழ வர்றதை டிஸ்டார்ஷனுக்கு முன்னாடியே இறக்கிடும், அதனால லோ ஸ்ட்ரிங் இறுக்கமாகும். ஹெச்எம்-2வுக்கு முன்னாடி வெச்சப்பவும் அதே நடந்துச்சு, பாம் மியூட் (உள்ளங்கையால ஸ்ட்ரிங்கை லேசா அமுக்கி வாசிக்கறது) எல்லாம் திடீர்னு கேக்க ஆரம்பிச்சுது. பிரச்சனை என்னன்னா அழுக்கு போயிடுச்சு. 1990 ஆல்பம் கேட்டா அடியில ஒரு சேறு இருக்கும், கார்ட் விட்டப்புறம் அது ஒரு கணம் தளும்பும், பூஸ்ட் போட்டா அது சுத்தமா காலி. கன்வெர்ஜ் பேண்ட் கிட்டாரிஸ்ட் கர்ட் பல்லூ பாணி அமெரிக்க ஹார்ட்கோர் சத்தம் வேணும்னா, ட்ராப் தெம் பேண்ட் மாதிரி, இந்த பூஸ்ட் கட்டாயம் வெச்சுக்கோங்க. ஸ்டாக்ஹோம் வேணும்னா எடுத்துடுங்க.

பவர் விஷயம், யாரும் சொல்ல மாட்டாங்க

பழைய ஒரிஜினல் பெடல் கிடைச்சவங்க இதை கட்டாயம் கவனிங்க. அது பாஸ் கம்பெனியோட ஏசிஏங்கற பழைய அடாப்டருக்கு பண்ண பெடல். அந்த காலத்து அடாப்டர் 9 வோல்ட்னு எழுதியிருந்தாலும் ரெகுலேட் ஆகாததால வெளிய அதுக்கு மேலதான் வரும், அதை இறக்கறதுக்கு பெடலுக்குள்ளயே ஒரு ரெசிஸ்டர் வெச்சிருப்பாங்க. இன்னைக்கு நம்ம பெடல்போர்டுல இருக்கற ரெகுலேட் ஆன 9 வோல்ட்டை தனியா குடுத்தா உள்ள போய் சேர்றப்ப வோல்டேஜ் பத்தாது, எல்ஈடி மங்கலா எரியும், சத்தம் சோகையா இருக்கும். நண்பரோட பெடல் முதல்ல அப்படித்தான் மங்கலா இருந்துச்சு, பேட்டரி போட்டதும் எழுந்து உக்காந்துச்சு. பேட்டரி, இல்ல ஒரிஜினல் ஏசிஏ அடாப்டர், இல்ல அதே சப்ளைல வேற புது பெடலோட டெய்சி செயின் (ஒரே வயர்ல வரிசையா பவர் குடுக்கறது), மூணுல ஒண்ணு. வாசாலயும் பெரிங்கர்லயும் இந்த தொல்லை இல்ல.

சரியான வோல்டேஜ் வந்தப்புறம் வாசா ஸ்டாண்டர்ட் மோடுக்கும் பழசுக்கும் என்ன வித்தியாசம்னா, கண்ணை மூடிட்டு கேட்டா நான் பந்தயம் கட்ட மாட்டேன். கஸ்டம் மோட் வேற, அதுல கெயினும் தெளிவும் கூட, பேண்டோட வாசிக்க சௌகரியம், ஆனா நம்ம டார்கெட் அது இல்ல.

இரைச்சலுக்கு நாய்ஸ் கேட் (வாசிக்காதப்ப சத்தத்தை மூடிடற பெடல்) வேணும், பேச்சே இல்ல. சும்மா கடைசில வெக்காதீங்க, செண்ட் ரிட்டர்ன் இருக்கற கேட்டா இருந்தா ஹெச்எம்-2வை அந்த லூப்புக்குள்ள போடுங்க, கேட் கிட்டாரோட சுத்தமான சிக்னலைக் கேட்டு திறந்து மூடும், பெடலோட இரைச்சலை பாத்து குழம்பாது. த்ரெஷோல்டை ரொம்ப ஏத்தினா அந்த கரகரன்னு சாகற வால் வெட்டுப்படும், அது போச்சுன்னா பாதி அழகு போச்சு.

ஸ்பீக்கரும் மைக்கும்

விண்டேஜ் 30ல மேல் மிட்ஸ்ல, 2 கிலோஹெர்ட்ஸ் தாண்டி, ஏற்கனவே ஒரு தூக்கல் உண்டு. பெடலோட மேடு அதோட சேந்தா தலைவலி. கிரீன்பேக் வகை ஸ்பீக்கர் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் (ஸ்பீக்கரோட சத்தத்தை டிஜிட்டலா பிடிச்சு வெச்ச ஃபைல்) போட்டு பாத்தேன், காது நிம்மதியாச்சு. மைக்ல பதிவு பண்றதா இருந்தா எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கர் நடுவுல வெக்காம டஸ்ட் கேப் ஓரத்துக்கு கொஞ்சம் வெளிய நகத்துங்க, ஈக்யூவுல பண்ண வேண்டிய பாதி வேலை அங்கயே முடிஞ்சுடும்.

மிக்ஸ்ல 90 ஹெர்ட்ஸ் பக்கம் ஹை பாஸ், 8 கிலோஹெர்ட்ஸ்ல லோ பாஸ். லோ நாபை பத்துல வெச்சுட்டு அப்புறம் எதுக்கு ஹை பாஸ்னு கேக்கலாம், நியாயமான கேள்வி. பி ஸ்டாண்டர்ட்ல லோ ஸ்ட்ரிங் 61.7 ஹெர்ட்ஸ், அந்த இடம் பேஸ் கிட்டாரோடது, பெடல் தூக்கற அடி மேட்டோட மேல் சரிவு மட்டும் நமக்கு போதும். ரிதம் ரெண்டு தடவை வாசிச்சு முழுசா இடமும் வலமும் பேன். நாலு டிராக் போட்டா பெருசாகும்னு நினைக்கறது இந்த டோன்ல வேலைக்கு ஆகாது, சத்தம் பஞ்சாயிடும், பல்லு போயிடும்.

வாசிக்கற கை

இதை சொல்லாம விட்டா மேல சொன்னதெல்லாம் வீண். இந்த டோன்ல த்ராஷ் ஸ்டைல் பாம் மியூட் சக்கையா கேக்கும், ஏன்னா மியூட்டோட தும்முங்கற உடம்பு இருக்கறது அந்த பள்ளத்துலதான். அதுக்கு மாறா ட்ரெமலோ பிக்கிங் (ஒரே நோட்டை வேகமா மேலயும் கீழயும் அடிக்கறது), திறந்து விட்ட பவர் கார்ட், டிஸ்சார்ஜ் மாதிரி பங்க் பேண்ட்கள்ல இருந்து வந்த டி-பீட்டுங்கற வேகமான டிரம் தாளத்துக்கு மேல ஓடற ரிஃப், இதெல்லாம் அப்படியே பொங்கி வரும். இந்த பேண்ட்கள் அப்படி ரிஃப் எழுதுனதுக்கு டோன் ஒரு காரணமா, ரிஃப்புக்கு ஏத்த டோனை தேடுனாங்களான்னு தனியா உக்காந்து பேசலாம். எப்படியோ, பாம் மியூட்டை நம்பி ஓடற ஜெண்ட் ஸ்டைல் ரிஃப்பை இதுல வாசிச்சுட்டு டோன் சரியில்லன்னு வராதீங்க.

வீட்டு செட்டிங்கை ரிஹர்சலுக்கு அப்படியே தூக்கிட்டுப் போகவும் முடியாது. சத்தம் கம்மியா இருக்கறப்ப காதுக்கு பேஸும் ட்ரெபிளும் கம்மியா கேக்கும், அதனால வீட்ல ரெண்டையும் ஏத்தி வெச்சிருப்போம், டிரம்ஸுக்கு பக்கத்துல வால்யூம் ஏறினதும் அது ரெண்டும் வெறி பிடிச்ச மாதிரி ஆகும். ரிஹர்சல்ல நான் ஆம்ப் பேஸை 2க்கு இறக்கினேன், பிரசென்ஸ் பூஜ்யம், மிட் அப்படியே 7. பெடல்ல எதையும் தொடல.

அங்க ரெண்டாவது கிட்டாரிஸ்ட்டும் ஆசையா ஹெச்எம்-2 கிளோன் கொண்டுவந்து எல்லாத்தையும் பத்துல வெச்சாரு, ரெண்டு பேரும் ஒரே மேட்டுல ஏறி நின்னு ஒருத்தர் ரிஃப் இன்னொருத்தருக்கு கேக்கல. இப்ப அவரு மார்ஷல் டைப் ஆம்ப்ல நேரா, பெடல் இல்லாம, 300, 400 ஹெர்ட்ஸ் பக்கம் நல்லா உடம்போட வாசிக்கறாரு, நான் மேல அறுக்கறேன், பேஸ் கிட்டார் லேசா டிஸ்டார்ஷன் போட்டு அடியைப் பாத்துக்குது. லீடுக்கு மட்டும் நான் ஹை நாபை 6க்கு இறக்கி டிலே ஒண்ணு சேத்துக்கறேன், இல்லன்னா சோலோ நோட்டு ரிதத்துல இருந்து பிரிஞ்சு வரவே மாட்டேங்குது, அதுக்கு ஒவ்வொரு பாட்டுலயும் குனியணும்கறதால இப்ப ரெண்டாவதா அந்த பிளாஸ்டிக் பெரிங்கர் ஒண்ணு போர்டுல ஏறியிருக்கு.